நாரட்ரீனலின் கொடுத்தால் இதயம் ஏன் மெதுவாகிறது?

மூன்றாம் ஆண்டு பி.ஃபார்ம். மாணவர்களிடம் ஒவ்வொரு வருடமும் நான் கேட்கும் கேள்வி இது. கணினித் திரையில், மயக்க நிலையில் இருக்கும் ஒரு நாய்க்குச் சிரை வழியாக, நரம்பு முனைகளில் சுரக்கும் நாரட்ரீனலின் என்ற வேதிப்பொருளைச் செலுத்துகிறோம். ரத்த அழுத்தம் என்ன ஆகும்? இதயத் துடிப்பு என்ன ஆகும்? கணினியைத் தொடும் முன் ஆளுக்கொரு தாளில் விடையை எழுதிவிட வேண்டும். பக்கத்தில் எட்டிப் பார்க்கக் கூடாது. அழுத்தம் ஏறும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். துடிப்பும் ஏறும் என்றுதான் பெரும்பாலானவர்கள் எழுதுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. இதயத்தில் உள்ள பீட்டா-1 ஏற்பிகளை நாரட்ரீனலின் தூண்டும், தூண்டினால் துடிப்பு வேகமாகும் என்று தியரி வகுப்பில் அப்போதுதான் படித்திருப்பார்கள். பிறகு சிரிஞ்ச் படத்தைச் சொடுக்குகிறார்கள். திரையில் அழுத்தக் கோடு மேலே போகிறது. துடிப்பின் எண்ணிக்கை கீழே இறங்குகிறது.

"மேடம், சாஃப்ட்வேர்ல ஏதோ தப்பு இருக்கு" என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். சொல்ல வேண்டும். படித்ததும் பார்ப்பதும் மோதுகிற அந்த இடத்தில்தான் ரத்த ஓட்ட மண்டலம் பற்றிய பாடம் உண்மையில் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன். தாளில் விடையை எழுதி வைக்காத மாணவருக்கு அந்த மோதல் நடப்பதே இல்லை. திரையில் கோடு ஏறியது, இறங்கியது, ரெக்கார்டு நோட்டில் எழுதியாயிற்று, கையெழுத்து வாங்கியாயிற்று. அப்படி முடிந்துபோகும் மெய்நிகர் ஆய்வக வகுப்புகள் ஏராளம். மென்பொருளை வாங்கிப் போட்டாலே கற்பித்தல் நடந்துவிடும் என்று நினைக்கும் கல்லூரிகள் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் படித்த காலத்தில் மெய்நிகர் ஆய்வகம் கிடையாது. தவளையும் கைமோகிராஃபும் இருந்தன. கைமோகிராஃப் 1847இல் ஜெர்மானிய உடலியலாளர் கார்ல் லுட்விக் உருவாக்கிய கருவி. சுழலும் உருளையில் பளபளப்பான தாளைச் சுற்றி, புகையும் விளக்குச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைப்போம். தவளையின் மூளையையும் தண்டுவடத்தையும் ஊசியால் அழித்து, நெஞ்சைத் திறந்து, இதயத்தின் நுனியில் சிறிய கொக்கியை மாட்டி, நூலால் ஸ்டார்லிங் லீவரோடு இணைப்போம். இதயம் சுருங்கும்போது லீவர் முனை கரியைக் கீறும். கருப்புத் தாளில் வெள்ளைக் கோடாகத் துடிப்பு பதிவாகும். கடைசியில் கோடு அழியாமல் இருக்க வார்னிஷில் முக்கிக் காய வைப்போம்.

அது பெரிய அனுபவம்தான், மறுக்கவில்லை. உடலை விட்டுப் பிரித்த பிறகும் அந்த இதயம் தானாகத் துடித்துக்கொண்டே இருப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். இதயத்துக்குள்ளேயே அதன் தாளத்தை எழுப்பும் திசு இருக்கிறது என்பதை எந்தப் புத்தகமும் அவ்வளவு அழுத்தமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு பேட்சுக்கு ஒரு தவளை. கொக்கியை மாட்டியவர் ஒருவர், மருந்தைச் சொட்டியவர் ஒருவர். மற்றவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தோம். அட்ரீனலினுக்குப் பதில் வேறொன்றைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் செய்துபார்க்க இன்னொரு தவளை இல்லை. அந்தத் தவளைகள் வயல்களிலிருந்தும் குளங்களிலிருந்தும் பிடித்துவரப்பட்டவை என்பதும் மனத்தை உறுத்தியது.

சட்டம் இந்தப் பக்கம் எப்போதோ திரும்பிவிட்டது. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவே, புத்தகம், மாதிரி, திரைப்படம் போன்றவை போதுமானதாக இருந்தால் மருத்துவக் கல்லூரிகளிலும் விலங்குப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. நடைமுறைக்கு வரத்தான் பல பத்தாண்டுகள் ஆயின. இப்போது இந்திய ஃபார்மசி கவுன்சிலின் பி.ஃபார்ம். பாடத்திட்டத்தில் ஐந்தாம் செமஸ்டர் செய்முறைப் பட்டியலில் தவளை இதயமும் நாயின் ரத்த அழுத்தமும் இருக்கின்றன. அவற்றை மென்பொருள், காணொளி வழியாகச் செய்துகாட்ட வேண்டும் என்ற குறிப்பும் கூடவே இருக்கிறது.

இந்த வேலைக்கு நம் பக்கத்திலேயே உருவான கருவி எக்ஸ்ஃபார்ம். புதுச்சேரி ஜிப்மரின் மருந்தியல் துறையில் பேராசிரியராக இருந்த ஆர். ரவீந்திரன் உருவாக்கியது. தவளை இதயம், நாயின் ரத்த அழுத்தம், முயலின் கண் என்று நம் பாடத்திட்டத்தில் உள்ள சோதனைகளே அதில் இருக்கின்றன. பயிற்சி முறை ஒன்று, தேர்வு முறை ஒன்று. தேர்வு முறையில் பெயர் சொல்லாத ஒரு மருந்து வரும். அதன் விளைவுகளைப் பார்த்து, தடுப்பு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்து, அது எதுவென்று மாணவர் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று, ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் ஜான் டெம்ப்ஸ்டர் எழுதிய ராட்சிவிஎஸ். இது எலியின் ரத்த ஓட்ட மண்டலம். சின்ன விண்டோஸ் நிரல். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும், பழைய கணினியும் தாங்கும். அடிக்கடி நெட் போகும் கல்லூரியில் வேலை பார்ப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, 'சாஃப்ட்வேர்ல தப்பு' என்ற அந்தச் சலசலப்புக்குத் திரும்புவோம்.

சாஃப்ட்வேரில் தப்பில்லை என்று நான் உடனே சொல்வதில்லை. மூன்று பேருக்கு ஒரு கணினி. ஒருவர் மவுஸ், ஒருவர் குறிப்பு, ஒருவர் காரணம் சொல்ல வேண்டும். சுற்று மாறிக்கொண்டே இருக்கும். மறுபடி செய்து பாருங்கள் என்பேன். அதே விளைவு. டோஸைக் கூட்டுவார்கள். அழுத்தம் இன்னும் ஏறும், துடிப்பு இன்னும் குறையும். இந்த இடத்தில் யாராவது ஒருவருக்குப் பிடிபடும்: அழுத்தம் எவ்வளவு ஏறுகிறதோ அந்த அளவுக்குத் துடிப்பு இறங்குகிறது என்றால், இரண்டுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது.

அந்த 'ஏதோ' கழுத்திலும் நெஞ்சிலும் இருக்கிறது. கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், மகாதமனியின் வளைவிலும், குழாய்ச் சுவர் விரிவதை உணரும் பாரோ ஏற்பிகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறிச் சுவர் விரிந்தால் அங்கிருந்து மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளத்துக்குச் செய்தி போகிறது. முகுளம் வேகஸ் நரம்பு வழியாக இதயத்தை அடக்குகிறது, கூடவே இதயத்தை முடுக்கும் சிம்பதெடிக் நரம்புகளின் வேகத்தையும் குறைக்கிறது. நாரட்ரீனலின் நேரடியாக இதயத்தை வேகப்படுத்தத்தான் பார்க்கிறது. ஆனால் ரத்தக்குழாய்களை இறுக்கி அது ஏற்றிய அழுத்தமே இந்த அனிச்சைச் செயலைத் தூண்டிவிடுகிறது. இரண்டும் மோதும்போது வேகஸ் ஜெயிக்கிறது.

இதைக் கரும்பலகையில் முதலிலேயே வரைந்து சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. பல வருடங்கள் அப்படித்தான் எல்லோரும் சொல்லிக்கொடுத்தோம். வைவாவில் கேட்டால் 'ரிஃப்ளெக்ஸ் பிராடிகார்டியா' (அனிச்சைச் செயலால் துடிப்பு குறைதல்) என்று மாணவர்கள் பதில் சொல்லவும் செய்தார்கள். அது அவர்கள் கண்டுபிடித்த விடை அல்ல, அவ்வளவுதான்.

ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். எப்போதும் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு மாணவன், தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வந்தவன், ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்பவன். பாரோ ஏற்பிகளைப் பற்றிப் பேசி முடித்ததும் எழுந்தான்.

"மேடம், வேகஸ்தானே இதயத்தை அடக்குது? வேகஸ் சொல்றது இதயத்துக்குக் கேக்காம பண்ணிட்டா?"

"எப்படிப் பண்ணுவ?"

"அட்ரோபின் போட்டுட்டு, அப்புறம் நாரட்ரீனலின் போட்டுப் பார்க்கலாமா?"

பார்த்தோம். அட்ரோபின், வேகஸ் முனையிலிருந்து வரும் அசிடைல்கோலினை இதயத்தில் தடுத்துவிடும். அதற்குப் பிறகு கொடுத்த நாரட்ரீனலினுக்கு அழுத்தம் ஏறியது, துடிப்பு குறையவில்லை. வகுப்பே அவனைத் திரும்பிப் பார்த்தது. ஒரு மூன்றாம் ஆண்டு மாணவன் ஒரு கருதுகோளைச் சொல்லி, அதைச் சோதிக்கும் வழியையும் சொல்லி, அடுத்த நிமிடமே சோதித்தும் பார்த்துவிட்டான். உயிருள்ள நாயை வைத்துக்கொண்டு இதை யாரும் அவனிடம் விட்டிருக்க மாட்டார்கள். விடவும் கூடாது.

அன்றைக்கே ராட்சிவிஎஸ்ஸைத் திறந்து அடுத்த படிக்குப் போனோம். அதில் மூளையும் தண்டுவடமும் அழிக்கப்பட்ட எலியைத் தேர்ந்தெடுக்கலாம். நரம்புகளின் கட்டளை மொத்தமாக அறுந்துவிட்டதால் அந்த எலியின் அழுத்தம் தொடக்கத்திலேயே மிகத் தாழ்வாக இருக்கும். ரத்தக்குழாய்கள் ஓய்வாக இருக்கும்போதும் நரம்புகள் அவற்றை ஓரளவு இறுக்கியே வைத்திருக்கின்றன என்பதை அந்தத் தாழ்ந்த கோடே சொல்லிவிடுகிறது. இப்போது நாரட்ரீனலின் கொடுத்தால் அழுத்தம் ஏறுகிறது, துடிப்பும் ஏறுகிறது. முதலில் தாளில் பெரும்பாலானவர்கள் எழுதிய விடை இங்கே சரியாகிவிட்டது. இந்த எலியில் அனிச்சைச் செயல் இல்லை, அதனால் பீட்டா-1 மட்டும் தனியாகப் பேசுகிறது. "அப்ப நாங்க எழுதினது தப்பில்ல மேடம், வேற எலிக்கு எழுதிட்டோம்" என்று ஒரு பெண் சொன்னாள். சரியாகச் சொன்னாள்.

இதே வழியில் ஆங்கிலேய மருந்தியலாளர் ஹென்றி டேல் 1906இல் எழுதிய கண்டுபிடிப்பையும் மாணவர்களே அடைய முடியும். எர்காட் (தானியக் கதிரில் வளரும் ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த மருந்து) கொடுத்த பூனைக்கு அட்ரீனலின் செலுத்தியபோது அழுத்தம் ஏறுவதற்குப் பதில் இறங்கியது. வகுப்பில் எர்காட்டுக்குப் பதில் ஃபென்டோலமைன். குழாயை இறுக்கும் ஆல்ஃபா ஏற்பிகளை அது அடைத்துவிடுவதால், குழாயைத் தளர்த்தும் பீட்டா-2 வெளியே தெரிகிறது. ஒரே மருந்து, எதிர்மாறான விளைவு. மாணவர்கள் இதில் வழக்கமாக அரை மணி நேரம் மாட்டிக்கொள்வார்கள். நான் அவசரப்படுத்துவதில்லை.

மென்பொருள் தராத விஷயங்களும் இருக்கின்றன. அவற்றில் எண்களுக்கு எடை இல்லாமல் போவதுதான் முதல் கஷ்டம். திரையில் 120 என்று வருகிறது. 120 என்றால் எவ்வளவு? பாதரசத்தின் மில்லிமீட்டர் என்று ஒப்பிப்பார்கள். இதற்காக எங்கள் லேப் சுவரில் இரண்டு கோடுகள் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். 120 மி.மீ. பாதரச அழுத்தம் ரத்தத்தை ஏறத்தாழ அந்த உயரத்துக்குத் தூக்கும். இன்னொன்று இரண்டரை மீட்டர். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு பெண் குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகியபோது ரத்தம் எட்டடிக்கும் மேலே ஏறி நின்றது. 1733இல் அதை வெளியிட்டார். ரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் அவர்தான். அந்தக் கோட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்த பிறகு மாணவர்கள் 120ஐ வேறு விதமாகச் சொல்கிறார்கள்.

அடுத்து அவர்கள் கைகள். மெய்நிகர் ஆய்வகம் நடக்கும் நாளில் கணினியைத் தொடும் முன் கொஞ்ச நேரம் சொந்த உடம்போடு போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மேல்கையில் துணியை லேசாகக் கட்டினால் முன்கையில் சிரைகள் புடைக்கும், ஆங்காங்கே முடிச்சு போல வால்வுகள் தெரியும். ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் ரத்தத்தைத் தோள் பக்கமாக அடுத்த வால்வைத் தாண்டித் தள்ளிவிட்டு அந்த விரலை எடுத்தால், நடுவில் உள்ள பகுதி காலியாகவே இருக்கும். மேலிருந்து ரத்தம் திரும்பி வராது. முதல் விரலை எடுத்ததும் கீழிருந்து நிரம்பும். 1628இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி இதே சோதனையைப் படம் போட்டுக் காட்டினார். நானூறு வருடம் பழைய சோதனை, செலவு ஒரு துண்டுத் துணி.

கூடவே ஹார்வியின் கணக்கையும் போடச் சொல்வேன், இன்றைய அளவுகளோடு. ஒரு துடிப்புக்கு 70 மி.லி., நிமிடத்துக்கு 72 துடிப்பு. நிமிடத்துக்கு ஐந்து லிட்டருக்குச் சற்று மேலே. மணிக்கு முந்நூறு லிட்டர். உடம்பில் இருப்பதோ மொத்தமே ஐந்து லிட்டர்தான். சாப்பிட்ட உணவிலிருந்து மணிக்கு முந்நூறு லிட்டர் ரத்தம் உற்பத்தியாக முடியாது, ஆகவே அதே ரத்தம்தான் சுற்றி வர வேண்டும். உணவிலிருந்து ரத்தம் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கிறது என்று, பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து ஆயிரத்து நானூறு வருடங்களாக நம்பப்பட்ட ஒரு கொள்கையை இந்தப் பெருக்கல்தான் சாய்த்தது. தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை ஹார்வியால் பார்க்க முடியவில்லை. தவளையின் நுரையீரலில் தந்துகிகளை, அதாவது தமனியையும் சிரையையும் இணைக்கும் மிக மெல்லிய குழாய்களை, நுண்ணோக்கியால் பார்த்து 1661இல் எழுதியவர் இத்தாலிய மருத்துவர் மால்பிகி.

பிறகு படுத்து எழுதல். ஆரோக்கியமான, விருப்பமுள்ள ஒரு மாணவர் ஐந்து நிமிடம் பெஞ்சில் படுக்கிறார். நாடியை எண்ணுகிறோம். சட்டென்று எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி எண்ணுகிறோம். துடிப்பு கூடியிருக்கும். நிற்கும்போது சுமார் அரை லிட்டர் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது, அழுத்தம் குறையப் பார்க்கிறது, பாரோ ஏற்பிகள் அதைக் கண்டு இதயத்தை முடுக்குகின்றன. நாய்க்கு நாரட்ரீனலின் கொடுத்தபோது பார்த்ததன் தலைகீழ் வடிவம் இது. தன் மணிக்கட்டில் இதை எண்ணியவர் திரையில் அதே விஷயத்தைப் பார்க்கும்போது அந்நியமாக உணர்வதில்லை. இந்த வரிசையில் செய்வதற்கும், கணினியில் மட்டும் செய்வதற்கும் ரெக்கார்டு நோட்டில் தெரியும் வித்தியாசம் பெரிது. காரணம் எழுதும் பத்தி நீளமாகிறது, அவர்கள் சொந்த வாக்கியங்களில் வருகிறது.

மென்பொருளின் இன்னொரு குறைக்கு என்னிடம் மருந்தில்லை. 1880களின் தொடக்கத்தில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துச் சோதித்தார். இதயம் நன்றாகத் துடித்தது. பிறகுதான் தெரிந்தது, அந்தக் கரைசல் காய்ச்சி வடித்த நீரில் செய்யப்பட்டதல்ல, குழாய்த் தண்ணீரில் செய்யப்பட்டது. சரியான நீரில் செய்து பார்த்தபோது துடிப்பு நின்றுபோனது. லண்டன் குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அந்த இதயத்தைத் துடிக்க வைத்திருந்தது. இதயத் தசை சுருங்கக் கால்சியம் வேண்டும் என்ற அறிவு, நாம் இன்று பயன்படுத்தும் ரிங்கர் கரைசல், எல்லாம் அந்தத் தண்ணீரிலிருந்து வந்தவை. கணினிக்குள் இருக்கும் தவளைக்கு யாரும் தவறான தண்ணீரை ஊற்ற முடியாது. எழுதியவர் அறிந்து வைத்ததுதான் உள்ளே இருக்கும். புதிதாக எதுவும் தற்செயலாக வெளியே வராது. இரண்டு எலிகள் இரண்டு விதமாக நடந்துகொள்வதன் சிக்கலும் மாணவர்களுக்குக் கிடைப்பதில்லை. ரிங்கர் கதையைச் சொல்லி, நீங்கள் பார்ப்பது எலியை அல்ல, எலியைப் பற்றி ஒருவர் எழுதிய சமன்பாடுகளை என்று ஒவ்வொரு பேட்சிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மேற்படிப்பில் உண்மையான திசுக்களோடு வேலை செய்யப்போகிறவர்களுக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வருடம் பாடம் முடியும் தறுவாயில் ஒரு மாணவி கேட்டாள்: "எங்க அப்பாவுக்கு ரொம்ப நாளா பிரஷர் இருக்கு மேடம். இந்த ரிஃப்ளெக்ஸ் அவருக்கு வேலை செய்யலையா? செஞ்சா பிரஷர் இறங்கியிருக்கணுமே?"

வேலை செய்கிறது, ஆனால் வேறொரு அளவை இயல்பு என்று எடுத்துக்கொண்டு. அழுத்தம் சில நாட்கள் உயர்ந்தே இருந்தால் பாரோ ஏற்பிகள் அந்த உயரத்துக்குப் பழகிவிடுகின்றன. அதற்குப் பிறகு அந்த உயர்ந்த அளவைச் சுற்றித்தான் அவை காவல் காக்கும். நொடிக்கு நொடி வரும் ஏற்ற இறக்கத்தைச் சமாளிப்பது அவற்றின் வேலை. மாதக்கணக்கில் அழுத்தம் எங்கே நிற்க வேண்டும் என்பதில் சிறுநீரகத்துக்கும், அது உப்பையும் நீரையும் வெளியேற்றும் விதத்துக்கும்தான் பெரிய பங்கு என்று 1972இல் அமெரிக்க உடலியலாளர் ஆர்தர் கைட்டனும் அவர் குழுவினரும் ரத்த ஓட்டத்தின் கணினி மாதிரி ஒன்றை வைத்து வாதிட்டார்கள். நம் வகுப்பு மென்பொருள்கள் நிமிடங்களில் முடியும் சோதனைகளுக்கானவை. இந்தக் கேள்விக்கு அவற்றில் விடை தேட முடியாது.

அடுத்த வகுப்புக்கு அவள் அப்பாவின் மருந்துச் சீட்டோடு வந்தாள். அம்லோடிபின் எழுதியிருந்தது. குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து, குழாயைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. பாடத்தை அன்றைக்கு அந்தச் சீட்டிலிருந்தே தொடங்கினேன். அழுத்தம் குறைந்தால் ரிஃப்ளெக்ஸ் இதயத்தை முடுக்க வேண்டுமே, இந்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு நெஞ்சு படபடக்க வேண்டாமா என்று கேட்டேன். தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்கள். அதே வகையைச் சேர்ந்த நிஃபெடிபின், வேகமாகக் கரையும் கேப்சூலாகக் கொடுக்கப்பட்டபோது படபடப்பு வரத்தான் செய்தது. அம்லோடிபின் மெதுவாக வேலையைத் தொடங்கி, உடம்பில் நெடுநேரம் தங்குகிறது. அழுத்தம் சட்டென்று சரியாததால் ரிஃப்ளெக்ஸ் அவ்வளவு பலமாக எழுவதில்லை. மருந்தின் வேகத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று அவர்களில் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். அட்ரோபின் கேட்ட மாணவன் இப்போது நான்காம் ஆண்டு. ஏதோ கையெழுத்துக்காக லேப் பக்கம் வந்தவன், வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, உள்ளே வந்து அவர்களோடு உட்கார்ந்து விவாதத்தில் சேர்ந்துகொண்டான்.